தூவியும் இறகும் அடைத்த குளிர்காலப் படுக்கைகள்: நெல்லைச் சீமையார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் தைத்துக் கொடுத்து வருகிறது. சில ஆண்டுகளாகக் கடைக்கு வருவோர் பஞ்சைப் பற்றிக் கேட்பதற்கு நிகராக, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்த பறவையிறகுப் போர்வைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். மகள் பேறுகாலத்துக்காகக் கனடாவுக்கோ ஜெர்மனிக்கோ புறப்படும் பெற்றோர், அங்குள்ள குளிருக்கு எதை வாங்குவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒவ்வொருவராகச் சொன்ன விடைகளைத் திருத்தி, விரித்து, இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன்.

தூவி என்பது என்ன? அது இறகிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

வாத்தின் மேல்தோற்றத்தில் நாம் காண்பது இறகு. அதன் நடுவே ஒரு தண்டு ஓடுகிறது. தண்டின் இருபுறமும் இழைகள் ஒன்றோடொன்று கோத்துத் தட்டையான ஏடாக அமைந்திருக்கின்றன. மழையையும் காற்றையும் தடுப்பது இந்த மேலிறகின் வேலை. அதை விலக்கிப் பார்த்தால், மார்பிலும் வயிற்றிலும் தோலை ஒட்டி, தண்டே இல்லாத மிக மெல்லிய பொதி ஒன்று தென்படும். ஒரு சிறு புள்ளியிலிருந்து நூற்றுக்கணக்கான நுண்ணிழைகள் எல்லாத் திசையிலும் விரிந்து, எருக்கம் விதையின் பஞ்சு காற்றில் பறப்பதைப் போன்ற தோற்றத்தில் இருக்கும் அதுவே தூவி.

கடைச் சீட்டுகளில் இதை ‘டவுன்’ என்றும், இறகை ‘ஃபெதர்’ என்றும் அச்சிடுகிறார்கள். நம்மூரில் டவுன் என்றால் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள பகுதியையே குறிக்கும் என்பதால் முதல்முறை கேட்பவர்கள் குழம்புகிறார்கள். தமிழில் இதற்குப் பழைய சொல் இருக்கும்போது அதைப் பயன்படுத்துவதே தெளிவு என்பது என் கருத்து. வாடைக் காலத்தைப் பாடும் நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிலில் அன்னத்தின் தூவி பரப்பிய அணை இருந்ததாக நக்கீரர் பாடியிருக்கிறார். ஆகவே இந்தப் பொருளும், இந்தப் பெயரும், குளிருக்கு இதைப் படுக்கையில் இடும் வழக்கமும் தமிழுக்குப் புதியவை அல்ல.

இவ்வளவு எடை குறைந்த பொருள் எப்படிக் குளிரைத் தாங்குகிறது?

எந்தப் போர்வையும் தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. நம் உடல் இரவு முழுவதும் வெளிவிடும் சூட்டை வெளியேற விடாமல் நிறுத்தி வைப்பதே அதன் பணி. அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். தூவியின் நுண்ணிழைகள் ஒன்றையொன்று தள்ளி விலக்கி நிற்பதால் அவற்றுக்கிடையே எண்ணற்ற சிறு காற்றறைகள் உண்டாகின்றன. அங்கே சிக்கிய காற்று நகர முடியாமல் நின்றுவிடுகிறது. போர்வையின் பருமனில் பெரும்பகுதி காற்றே என்பதால்தான் அது தூக்குவதற்கு ஒன்றுமில்லாதது போல இருக்கிறது.

இதைக் கண்ணால் காண விரும்புவோர் மார்கழி, தை மாதங்களில் நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்துக்குச் செல்லலாம். அங்கே வலசை வரும் வரித்தலை வாத்துகள் மங்கோலியா, திபெத்து மேட்டுநிலங்களில் குஞ்சு பொரித்து, இமயமலையைக் கடந்து வருபவை. அந்த உயரத்துக் குளிரில் அவற்றின் உடற்சூட்டைக் காப்பது மேலிறகுக்கு அடியில் உள்ள இந்தத் தூவியே.

இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மையும் புரியும். தூவியை அமுக்கினால் காற்று வெளியேறிவிடும். காற்று போனால் கதகதப்பும் போய்விடும். விலையுயர்ந்த தூவிப் போர்வையை நான்காக மடித்துக் கட்டிலில் விரித்து அதன்மேல் படுத்துக்கொள்ளும் வழக்கத்தை நம்மூரில் பல வீடுகளில் பார்க்கிறேன். உடலின் எடை விழும் இடத்தில் அது வெறும் துணியளவுக்கே பயன்படும். தூவி மேலே போர்த்துவதற்கு உரியது. அடியில் விரிக்க மெத்தையும் கம்பளியும் இருக்கின்றன.

கோழியிறகு ஏன் ஆகாது? பிசானம் அறுத்த வயலில் மேயும் வாத்துகளிடமிருந்து நாமே தூவி எடுக்கலாமா?

கோழி நீரில் வாழும் பறவை அல்ல. அதன் உடலில் நீர்ப்பறவைகளுக்கு உள்ளது போன்ற அடர்ந்த தூவி வளர்வதில்லை. கோழியிறகை நறுக்கியோ சுருட்டியோ மலிவான தலையணைகளில் அடைப்பதுண்டு. போர்வைக்கு அது பயன்படாது.

வாத்துகளைப் பொறுத்தவரை, கார், பிசானம் அறுவடைக்குப் பின் தாமிரபரணிப் பாசன வயல்களில் மேய வரும் கூட்டங்களைப் பார்த்துப் பலரும் இக்கேள்வியைக் கேட்கிறார்கள். அவற்றிலும் தூவி உண்டு. ஆனால் குளிர்நாட்டில் முதிர்ந்து வளர்ந்த பறவைக்கு இருக்கும் அளவு அடர்த்தியும் பெரிய பொதியும் வெப்பநாட்டு வாத்துக்கு இருப்பதில்லை. கிடைக்கும் கைப்பிடித் தூவியையும் அப்படியே அடைக்க முடியாது. ஆலைகளில் அதைப் பலமுறை சோப்பு நீரில் அலசி, கொழுப்பையும் அழுக்கையும் நீக்கி, 100 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் உலர்த்திக் கிருமி நீக்குகிறார்கள். பின்னர் உயரமான அறைகளில் காற்றை ஊதி, எடை மிகுந்த இறகு முதலில் விழவும் எடை குறைந்த தூவி தொலைவில் சென்று படியவும் செய்து பிரிக்கிறார்கள். வீட்டில் இதைச் செய்ய இயலாது. கழுவாத இறகில் நோய்க்கிருமிகளும் பேன்களும் இருக்கும். கூந்தன்குளத்தில் உதிர்ந்து கிடக்கும் இறகுகளைச் சேகரிக்கும் எண்ணமும் வேண்டாம். அது பாதுகாக்கப்பட்ட சரணாலயம். பறவைகள் அஞ்சிவிடக் கூடாதென்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர் அது.

வாத்துத் தூவி, கூஸ் தூவி என்று இரண்டு விலையில் இருக்கின்றனவே?

கூஸ் எனப்படும் பெருவாத்தின் உடல் பெரியது என்பதால் அதன் தூவிப் பொதியும் பொதுவாகப் பெரியதாக இருக்கும். பெரிய பொதி அதிகக் காற்றைப் பிடிக்கும். போலந்து, ஹங்கேரி ஆகிய நாடுகளின் பெருவாத்துத் தூவிக்கு நெடுநாளாக நற்பெயர் உண்டு. உலகச் சந்தைக்கு வரும் தூவியில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. வாத்துத் தூவி சரியாகக் கழுவப்படாவிட்டால், ஈரம் பட்டபோது ஒருவித நெடி எழும். ஆயினும் நன்றாகப் பதப்படுத்திய வாத்துத் தூவி, மட்டமான பெருவாத்துத் தூவியைவிட மேலானது. பறவையின் பெயரைப் பார்த்து விலை கொடுப்பதைவிட, அடுத்த விடையில் சொல்லும் எண்களைப் பார்த்துக் கொடுப்பதே சரியாக இருக்கும்.

சீட்டில் அச்சிட்டிருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

மூன்று எண்களைப் புரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, 90/10 அல்லது 70/30 என்பது போன்ற விகிதம். உள்ளே இருப்பதில் எடைக்கணக்கில் நூற்றுக்கு 90 பங்கு தூவி, 10 பங்கு சிற்றிறகு என்பது இதன் பொருள். இறகின் பங்கு கூடக் கூட எடை கூடும், விலை குறையும், கதகதப்பும் குறையும். பெரிய எழுத்தில் தூவி என்று போட்டு, சிறிய எழுத்தில் 15/85 என்று அச்சிட்டிருப்பதும் உண்டு. அது இறகுப் போர்வை. தூவிப் போர்வை என்று நினைத்து வாங்கக் கூடாது.

இரண்டாவது, ‘ஃபில் பவர்’ எனப்படும் உப்பும் திறன். ஓர் அவுன்சு தூவியை, அதாவது ஏறக்குறைய 28 கிராமை, ஓர் உருளையில் இட்டு, குறிப்பிட்ட எடையுள்ள தட்டை மேலே வைத்தபின் அது எத்தனை கன அங்குலம் இடத்தை நிரப்புகிறது என்பதே இந்த எண். நம் கணக்கில் சொல்வதானால், 28 கிராம் என்பது மூன்றரைப் பவுன் நகையின் எடை. 600 என்று குறித்த தூவி அந்த மூன்றரைப் பவுன் எடையில் ஏறக்குறைய 9.8 லிட்டர் இடத்தை நிரப்பும். 800 என்று குறித்தது 13 லிட்டரை நிரப்பும். தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம் ஒன்று நிறைவதற்குச் சற்றே குறைவு. 550 முதல் 650 வரை வீட்டுப் பயன்பாட்டுக்குத் தாராளமாகப் போதும். 700க்கு மேல் மிக நல்ல தரம். மலையேறுவோர் முதுகில் சுமக்க வேண்டியிருப்பதால் 800க்கும் மேலானதைத் தேடுகிறார்கள்; கட்டிலில் கிடக்கும் போர்வைக்கு அவ்வளவு செலவு வேண்டியதில்லை.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. உப்பும் திறன் என்பது தூவியின் தரத்தைக் குறிக்கிறது. போர்வை எவ்வளவு கதகதப்பானது என்பதைத் தனியாகச் சொல்லாது. 800 தரத்தில் 300 கிராம் அடைத்த போர்வையைவிட, 600 தரத்தில் 900 கிராம் அடைத்தது நிச்சயமாக அதிகக் குளிரைத் தாங்கும். தரத்தையும் அடைத்த எடையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அரிசியின் ரகத்தை மட்டும் கேட்டுவிட்டு எத்தனை படி என்று கேட்காமல் யாரும் வாங்குவதில்லை அல்லவா?

மூன்றாவது, பிரிட்டனில் வழங்கும் ‘டாக்’ என்னும் அளவு. இது போர்வை முழுவதும் வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை நேரடியாகச் சொல்வதால், வாங்குபவருக்கு மிகவும் உதவுவது இதுவே. 4.5 டாக் கோடைக்கு உரியது. 9 முதல் 10.5 வரை இடைப்பட்ட பருவங்களுக்கு, 13.5 கடுங்குளிருக்கு. நம்மூரிலிருந்து செல்வோர் பனியைப் படத்தில் பார்த்த அச்சத்தில் 13.5 டாக் வாங்கிவிட்டு, இரவெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது என்று தொலைபேசியில் சொல்வதுண்டு. கனடாவில் வெளியே −20 பாகை இருந்தாலும், வீட்டுக்குள் சூடேற்றி வைத்து 18 முதல் 21 பாகை வரை இருக்கும். படுப்பது வீட்டுக்குள் என்பதால், அறையின் வெப்பநிலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குவதே முறை. இரவில் சூடேற்றியை அணைத்துவிடும் பழைய வீடுகளுக்கு மட்டும் கனத்த போர்வை வேண்டியிருக்கும். வட அமெரிக்கக் கடைகளில் டாக் அளவு பெரும்பாலும் இருப்பதில்லை. அங்கே அடைத்த எடையைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

தையலில் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு, தைக்கும் தொழிலில் இருப்பவன் என்பதால் நான் முதலில் பார்ப்பதே அதைத்தான். மேல்துணியையும் கீழ்த்துணியையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டம் கட்டமாகத் தைத்திருந்தால், தையல் ஓடும் கோடு முழுவதும் தூவி இல்லாத வெறும் துணியாகி அந்த வழியே குளிர் இறங்கும். இரண்டு துணிகளுக்கும் நடுவே சிறு துணிச் சுவர்களை நிறுத்திப் பெட்டி பெட்டியாக அமைத்தால் தூவி எங்கும் ஒரே பருமனில் உப்பி நிற்கும். குளிர்காலத்துக்கு இரண்டாவது முறையே வேண்டும். வெளித்துணி, நெருக்கமாக நெய்து சூட்டுருளையில் அழுத்திய பருத்தியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூவி ஒவ்வோர் இழையாகக் கசியும், இறகின் தண்டு முள் போலக் குத்தும்.

நெல்லைச் சீமையில் தூவிப் போர்வைக்குத் தேவை இருக்கிறதா?

நேர்மையாகச் சொன்னால், சமவெளியில் இல்லை. பாளையங்கோட்டையில் சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் 40 பாகையைத் தொடும். மார்கழி இரவிலும் 20 பாகைக்குக் கீழே செல்வது அரிது. அந்த இரவுக்குப் பத்தமடைக் கோரைப்பாயும் ஒரு பருத்திப் போர்வையும் நிறைவாகப் போதும். பிள்ளைகள் அன்போடு கொண்டுவந்த போர்வையைப் பயன்படுத்தாமல் வைப்பது மனத்துக்குச் சங்கடமாக இருக்கிறது என்று சில தாய்மார்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஏசி அறையை 24 பாகையில் வைத்து உறங்குவோர் 4.5 டாக் அளவுள்ள மெல்லிய தூவிப் போர்வையைப் போர்த்திக்கொள்ளலாம். கனத்ததைப் போர்த்துவதற்காக ஏசியை 18க்கு இறக்குவது மின்கட்டணத்துக்கும் உடலுக்கும் நல்லதன்று.

மலைப்பகுதியைப் பற்றிய கேள்வி இன்னும் நுட்பமானது. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து ஆகிய இடங்கள் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பவை, குளிர் உண்மையானது. ஆகவே அங்கே தூவி சிறக்கும் என்று தோன்றும். ஆனால் அது ஈரக் குளிர். வடகிழக்குப் பருவமழையில் தமிழகத்திலேயே மிக அதிகமாக மழை பதிவாகும் இடங்களில் ஊத்தும் நாலுமுக்கும் அடங்கும். மேகம் வீட்டுக்குள் புகுந்து, துணியெல்லாம் நமுத்து, நாட்கணக்கில் வெயில் முகம் காட்டாத இடத்தில் தூவியின் இழைகள் ஈரத்தை வாங்கி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய தூவியில் காற்றறை இருக்காது. அங்கே தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கம்பளியை நம்பியதற்குக் காரணம் வறுமை மட்டும் அல்ல. கம்பளி சற்று ஈரமான பின்னும் சூட்டை ஓரளவு காக்கும். குற்றாலத்தில் சாரல் பருவத்தில் தங்கும் விடுதிகளுக்கும் இதே காரணத்தால் பாலியஸ்டர் இழை அடைத்த போர்வையையே பரிந்துரைக்கிறேன். அது ஈரத்தைக் குடிக்காது, விரைவில் உலரும், அடிக்கடி துவைக்கலாம்.

தூவி தன் முழுத் திறனையும் காட்டுவது வறண்ட குளிரில்தான். எட்மன்டன், மாஸ்கோ, லடாக் போன்ற இடங்களில் அதே எடைக்கு அதனோடு போட்டியிடும் பொருள் வேறில்லை.

இலவம்பஞ்சோடு ஒப்பிட்டால் எது சிறந்தது?

இரண்டும் காற்றைப் பிடிப்பவை. பிடிக்கும் விதம் வேறு. இலவம்பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே வெற்றிடமுள்ள மெல்லிய குழல். அதன்மேல் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு இருப்பதால் நீர் எளிதில் ஒட்டாது. உயிர்காப்பு மிதவைகளில் முன்பு அடைக்கப்பட்டது இந்தப் பஞ்சே. பங்குனி, சித்திரையில் காய் முற்றி வெடிக்கும். போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து எங்களுக்குச் சரக்கு வரும். புதுப்பஞ்சைக் கையில் எடுத்தால் பட்டைப் போல வழுக்கிச் செல்லும்.

அந்த வழுக்கலே அதன் குறையும் ஆகும். இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாததால், மேலே போர்த்தும் போர்வையில் அடைத்தால் ஓரங்களுக்கு நகர்ந்து திரண்டுவிடும். அமுங்கிய பின் தூவியைப் போலத் தானாக எழாது; வெயிலில் காய வைத்து, தட்டி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து அடித்துப் புதுக்க வேண்டும். ஆகவே அடியில் விரிக்கும் மெத்தைக்கும் தலையணைக்கும் நம் வெப்பத்தில் இலவம்பஞ்சுக்கு நிகர் இல்லை. குளிர்நாட்டில் மேலே போர்த்துவதற்கு அது ஏற்றதன்று. எங்கள் கடையில் இலவம்பஞ்சு விற்கிறேன் என்பதற்காக அதை எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்ல எனக்கு மனம் வராது.

உயிர்ப்பொருளைப் படுக்கையில் சேர்ப்பதில்லை என்னும் சைவ வழக்கம் உள்ள குடும்பங்கள் குளிர்நாட்டுக்குச் செல்லும்போது, பருத்தி ரஜாயையோ பாலியஸ்டர் போர்வையையோ தேர்ந்தெடுக்கலாம். எடை சற்றுக் கூடும், குளிருக்குக் குறைவிராது.

தலையணைக்கு எதை அடைப்பது நல்லது?

தலையின் எடையை இரவு முழுவதும் தாங்குவதற்குத் தூவி மட்டும் போதாது; நள்ளிரவுக்குள் தலை மெத்தையைத் தொட்டுவிடும். இறகின் தண்டு வளைந்து இருப்பதால் வில் போல எதிர்த்து நிற்கும். நடுவில் இறகும் சுற்றிலும் தூவியும் வைத்துத் தைத்த தலையணை இரண்டின் நன்மையையும் தரும். பக்கவாட்டில் படுப்போருக்கு இறகு மிகுந்ததும், குப்புறப் படுப்போருக்குத் தூவி மிகுந்து தாழ்ந்ததும் பொருந்தும்.

ஆஸ்துமா உள்ளவர்கள் பயன்படுத்தலாமா? கைக்குழந்தைக்குப் போர்த்தலாமா?

இறகுப் படுக்கையில் தும்மல் வருவதற்கு, நன்கு கழுவாத இறகின் தூசியும், எந்தப் படுக்கையிலும் குடியேறும் தூசிப் பூச்சிகளுமே பெரும்பாலும் காரணமாகின்றன. நெருங்கிய நெசவுள்ள உறையும் ஒழுங்கான துவைப்பும் அதைக் குறைக்கும். ஆயினும் சிலருக்கு இறகின் புரதத்தாலேயே நுரையீரல் அழற்சி வருவதுண்டு. அரிதானது என்றாலும் கடுமையானது. புதிய போர்வை வந்தபின் வறட்டிருமலும் மூச்சிரைப்பும் தொடர்ந்தால், போர்வையைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாமல் போகலாம்.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தூவிப் போர்வையும் தலையணையும் வேண்டவே வேண்டாம். முகத்தின் மேல் விழுந்தால் விலக்கிக்கொள்ளத் தெரியாத வயது. பேரப்பிள்ளைக்கு ஆசையோடு வாங்கிச் செல்லும் பாட்டிமார்களிடம் இதை நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்.

இதற்காகப் பறவைகள் துன்புறுத்தப்படுகின்றனவா?

பெரும்பாலான தூவி, இறைச்சிக்காக வளர்க்கப்படும் வாத்துகளிடமிருந்து துணைப்பொருளாகக் கிடைக்கிறது. உயிரோடு இருக்கும்போதே பிடுங்கும் கொடிய பழக்கமும் சில இடங்களில் இருந்திருக்கிறது. அது அறமற்றது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அதைத் தடுக்கவே 2014இல் ‘ரெஸ்பான்சிபிள் டவுன் ஸ்டாண்டர்டு’ என்னும் சான்று தொடங்கப்பட்டது. உயிரோடு பிடுங்குவதையும் வலுக்கட்டாயமாகத் தீனி திணிப்பதையும் அது தடை செய்கிறது. வாங்கும்போது இந்தச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள்.

பறவைக்குத் தீங்கே இல்லாத தூவியும் ஒன்று உண்டு. ஐஸ்லாந்துக் கடற்கரையில் ஈடர் என்னும் காட்டு வாத்து, தன் மார்புத் தூவியைத் தானே உதிர்த்துக் கூட்டில் பரப்பி முட்டையை அடைகாக்கும். அங்குள்ள உழவர்கள் நரியிடமிருந்தும் பிற பகையிடமிருந்தும் அந்தக் கூடுகளைக் காவல் காத்து, அதற்கு ஈடாகத் தூவியைச் சேகரித்துக்கொள்கிறார்கள். ஒரு கிலோ தூவிக்கு ஏறக்குறைய 60 கூடுகள் தேவைப்படும் என்பதால் அதன் விலை நம்மைப் போன்றோருக்கு எட்டாதது. பறவையும் மனிதரும் ஒருவருக்கொருவர் காவலாக இருக்கும் அந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கூந்தன்குளத்து மக்களே நினைவுக்கு வருகிறார்கள்.

வீட்டில் துவைக்கலாமா?

எங்கள் சித்தி வீட்டில் நடந்ததைச் சொன்னால் விடை தெளிவாகும். ஐப்பசி மாதத்தில், மகன் அனுப்பிய தூவிப் போர்வையைச் சாதாரணத் துணியோடு வாஷிங் மெஷினில் போட்டு, மொட்டைமாடிக் கொடியில் இரண்டு நாள் தொங்கவிட்டார்கள். இடையிடையே மழை பெய்தது. மேல்துணி காய்ந்துவிட்டதென்று மடித்து பீரோவில் வைத்தார்கள். கார்த்திகையில் திறந்தபோது நாற்றம் எழுந்தது. என்னிடம் கொண்டுவந்தார்கள், தையலைப் பிரித்துப் பார்த்தேன். தூவி முழுவதும் சாணி உருண்டை போல இறுகி, நடுவில் பூஞ்சை பிடித்திருந்தது. பாதியைக் கூட மீட்க முடியவில்லை.

வெளித்துணி காய்வதற்கும் உள்ளிருக்கும் தூவி காய்வதற்கும் நெடுந்தூரம். மேலே உறை போட்டு உறையை மட்டும் அடிக்கடி துவைத்தால், போர்வையை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை துவைத்தால் போதும். துவைக்கும்போது கம்பளிக்கென விற்கும் மென்மையான திரவ சோப்பைக் குறைவாக இட்டு, குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். பிளீச்சும் துணியை மென்மையாக்கும் திரவமும் ஆகா. முறுக்கிப் பிழியாமல் அழுத்தி நீரை வெளியேற்ற வேண்டும். நனைந்த போர்வை மிகவும் கனக்கும். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் உள்ளே உள்ள துணிச் சுவர் கிழிந்துவிடும், இரு கைகளையும் அடியில் கொடுத்துத் தூக்குங்கள்.

குளிர்நாடுகளில் பெரிய சூட்டு உலர்த்தியில் மிதமான சூட்டில், இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளோடு சேர்த்துப் போடுகிறார்கள். பந்து மோதி மோதிக் கட்டியை உடைக்கும். முழுதும் உலர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த வசதி இல்லாத நம்மூரில் சித்திரை, வைகாசி வெயிலே துணை. கயிற்றுக் கட்டிலில் கிடையாக விரித்து, மேலே ஒரு மெல்லிய வேட்டியை மூடி, மணிக்கொரு முறை திருப்பி, கட்டிகளை விரலால் பிரித்துவிடுங்கள். மாலையில் பனி இறங்குமுன் உள்ளே எடுத்து, மறுநாள் மீண்டும் விரியுங்கள். கையால் அமுக்கும்போது எங்கும் ஒரு கட்டியும் தட்டுப்படாத வரை காயவில்லை என்றே கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே தொடாதீர்கள்.

பயன்படுத்தாத மாதங்களில் எங்கே வைப்பது?

காற்றுப் புகும் பருத்திப் பையில் தளர்வாக இட்டு, ஈரச் சுவரிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பரணில் போட்டால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை வரும். காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பைகள் விமானப் பயணத்துக்கு உதவும். ஊர் வந்து சேர்ந்ததும் பிரித்துவிட வேண்டும், மாதக்கணக்கில் அமுங்கிய தூவி தன் உப்பலை இழக்கும். துணியரிக்கும் பூச்சிகள் இறகையும் அரிக்கும் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறிப் பாருங்கள்.

உள்ளே இருப்பது உண்மையான தூவியா என்று எப்படி அறிவது?

இறுகப் பிடித்து விட்டால் மெதுவாகத் தானே எழ வேண்டும். விரலால் நிமிண்டும்போது தண்டுகள் நிறையத் தட்டுப்பட்டால் இறகு மிகுதி. கசிந்து வந்த ஓரிழையை நெருப்பில் காட்டினால் தலைமயிர் கருகும் நெடி வரும். பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும்.

கிழிந்துவிட்டால்? பழையதாகிவிட்டால்?

சிறு கிழிசலை உடனே ஊசியால் தைக்காதீர்கள். ஊசித்துளைகள் வழியே தூவி வெளியேறிக்கொண்டே இருக்கும். முதலில் ஒட்டுத்துணியால் மூடிவிட்டுப் பிறகு நெருங்கிய நெசவுள்ள துணியை மேலே வைத்து நுண்தையல் போட வேண்டும். இறகின் தண்டு குத்திக்கொண்டு வெளியே நீட்டினால், அதை இழுக்காமல் பின்புறத்திலிருந்து பற்றி உள்ளே இழுத்துக்கொண்டால் துளை பெரிதாகாது.

நன்றாகப் பேணிய தூவிப் போர்வை 10 முதல் 15 ஆண்டுகள் வரை உழைக்கும். அதன்பின் உறைத்துணி நைந்தாலும் தூவி பெரும்பாலும் நலமாகவே இருக்கும். ஜெர்மனியில் பழைய போர்வையைப் பிரித்து, தூவியைக் கழுவி, உடைந்ததைச் சலித்து நீக்கி, குறையும் அளவுக்குப் புதியதைச் சேர்த்துப் புதிய உறையில் அடைத்துத் தரும் கடைகள் இருக்கின்றன. பழைய மெத்தையைக் கொண்டுவந்து, பஞ்சை அடித்துப் புது உறையில் போட்டுத் தரச் சொல்லும் நம்மூர் வழக்கம்தான் அது. அங்கே வாழும் பிள்ளைகள், போர்வை மெலிந்துவிட்டதென்று குப்பையில் போடுமுன் அத்தகைய கடை ஒன்றை விசாரித்துப் பாருங்கள். இங்கே கொண்டுவந்துவிட்டவர்கள் என்னிடம் எடுத்து வரலாம். உறை மாற்றும் வேலையைச் சித்திரை, வைகாசியில் மட்டும் ஏற்றுக்கொள்கிறேன்.